உங்களுக்குத் தெரியுமா? – தேதி குறித்த தாகம்

★ தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரம் பிறந்ததே தண்ணீருக்காகத்தான். ஆசியாவுக்குப் போய்வரும் தன் கப்பல்களுக்குக் குடிநீரும் காய்கறியும் ஏற்றிவிட 1652-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே இறங்கியது. டேபிள் மலையின் ஓடைகள் இன்றும் நகரத் தெருக்களுக்கு அடியில் ஓடிக் கடலில் கலக்கின்றன.

★ 2015-ல் இந்த நகரத்துக்குத் தண்ணீர்ச் சிக்கனத்துக்காக சர்வதேச விருது கிடைத்தது. வறட்சி தொடங்கியதும் அதே ஆண்டில்தான்!

★ மூன்று ஆண்டுகள் மழை பொய்த்தது. 2018 தொடக்கத்தில் 'டே ஜீரோ' என்று ஏப்ரல் மாதத்தில் ஒரு தேதியையே அறிவித்தார்கள். ஆறு பெரிய அணைகளின் மொத்த இருப்பு 13.5 சதவீதத்துக்கு இறங்கினால் பெரும்பாலான வீட்டுக் குழாய்கள் மூடப்படும். பிறகு 200 இடங்களில் வரிசையில் நின்று ஆளுக்கு 25 லிட்டர் பிடித்துக்கொள்ள வேண்டும். நம் பிளாஸ்டிக் குடத்தில் ஏறத்தாழ இரண்டு. ஊரின் மக்கள்தொகையோ சுமார் 40 லட்சம்.

★ அந்த ஜனவரியில் கிரிக்கெட் டெஸ்ட் ஆடப் போன கோலி தலைமையிலான இந்திய அணியிடமும் இரண்டே நிமிடத்தில் குளித்துவிட்டு வரச் சொன்னார்கள். உள்ளூர்க்காரர்கள் நேரம் தவறாமல் ஷவரை மூட, பிரபல பாடகர்களின் பாட்டுகளே இரண்டு நிமிட அளவில் தயாராகின.

★ எந்த வீடு அளவோடு தண்ணீர் செலவழிக்கிறது என்பதைப் பச்சைப் புள்ளி வைத்து இணைய வரைபடத்தில் போட்டது மாநகராட்சி. அபராதத்துக்கு மசியாதவர்கள்கூட, பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பாரே என்றால் மசிவார்கள்!

★ தேதி பலமுறை தள்ளிப்போய், கடைசியில் வராமலே போனது. காரணம் மழை மட்டுமல்ல. நகருக்கு வெளியே உள்ள விவசாயிகள் தங்கள் பாசனத் தேக்கங்களிலிருந்து 1,000 கோடி லிட்டரை நகரத்துக்குத் திறந்துவிட்டார்கள். நகரமும் தன் தினசரிச் செலவைப் பாதிக்கும் கீழே இறக்கியது.

★ புவி வெப்பமயமாதல் இப்படியொரு வறட்சி வருவதற்கான வாய்ப்பை மூன்று மடங்காக்கிவிட்டது என்கிறது 2018-ல் வெளியான ஆய்வு. போதாததற்கு, அணைகளின் நீர்ப்பிடிப்பில் அயல்நாட்டு பைன், யூகலிப்டஸ், அகேசியா மரங்கள் ஆண்டுக்கு 5,500 கோடி லிட்டரை உறிஞ்சுவதாக ஒரு கணக்கு. அதனால் அங்கே மரம் வெட்டுவதுதான் நீர் சேமிப்பு.

★ இனி, பலரும் பேசாத விஷயம். நகரமே வரிசையை நினைத்து நடுங்கியபோது, குடிசைப் பகுதி மக்கள் அதை வேடிக்கையாகப் பார்த்திருப்பார்கள். பொதுக்குழாயில் வரிசை நிற்பது அவர்களுக்கு அன்றாடம். 2023-ல் வந்த ஓர் ஆய்வு சொல்வது: மக்களில் 14 சதவீதம்கூட இல்லாத வசதிக்காரர்கள் நகரத் தண்ணீரில் பாதிக்கு மேல் செலவழிக்கிறார்கள்; 60 சதவீதத்துக்கு மேலுள்ள ஏழைகளுக்கு 27 சதவீதம்தான். வசதிக்காரர்களின் பங்கில் பெரும்பகுதி நீச்சல்குளமும் புல்வெளியும் குடித்த தண்ணீர். வானத்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

★ 2020-ல் அணைகள் நிரம்பின. நம் சென்னைக்கோ அதற்கு முந்தைய ஆண்டே தாகத்தின் முறை வந்துவிட்டது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே!

★ நெருக்கடி உச்சத்தில் கேப்டவுனில் ஒருவருக்கு அனுமதித்தது நாளுக்கு 50 லிட்டர். பழைய பிளஷ் தொட்டியை ஐந்து முறை இழுத்தாலே அது தீர்ந்துவிடும். நாளைக் காலை முதல் இரவு வரை உங்கள் வீட்டில் ஆளுக்கு எவ்வளவு ஆகிறது என்று வாளிக் கணக்குப் போட்டுப் பாருங்களேன்.