மூன்று லேத், மூன்று முதலிடம்

கோவையில் பம்ப் தயாரிக்கும் நடுத்தரப் பட்டறை ஒன்று புதிதாக ஒரு சி.என்.சி. லேத் வாங்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். மேசைமேல் மூன்று கொட்டேஷன். உள்ளூர் லேத் 22 லட்சம் ரூபாய். அதில் கடைந்தால் ஆயிரம் ஷாஃப்ட்டுக்கு 12 ரிஜெக்ட் ஆகும். பழுதானால் சர்வீஸ் ஆள் 8 மணி நேரத்தில் வந்துவிடுவார். பெங்களூரு லேத் 28 லட்சம், ரிஜெக்ட் 7, ஆள் வர 24 மணி நேரம். இறக்குமதி லேத் 36 லட்சம்; ரிஜெக்ட் வெறும் 3; ஆனால் ஆள் வந்து சேர 72 மணி நேரம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. இப்படியொரு இக்கட்டைப் பார்க்காத பர்ச்சேஸ் மேனேஜர் இருக்கமாட்டார்.

கணக்குப் பிரிவு முதலாவதைக் காட்டும். தரக் கட்டுப்பாட்டில் இருப்பவர் மூன்றாவதை விடமாட்டார். மெஷின் நின்றால் முதலாளியின் வசவை வாங்கப்போகும் ஃபோர்மேனுக்கு, கூப்பிட்ட அன்றே ஆள் வந்தாக வேண்டும். மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பெரும்பாலும் கூட்டத்தில் யார் குரல் ஓங்குகிறதோ அந்த லேத் வந்து இறங்கும்.

இந்தச் சண்டையைக் கணக்காக மாற்ற முயலும் துறைக்குப் பல அளவுகோல் முடிவெடுப்பு என்று பெயர். ஏ.எச்.பி., டாப்சிஸ், எலெக்ட்ர், ப்ராமிதி என்று அதில் டஜன் கணக்கில் முறைகள். எந்த உலோகக் கலவை, எந்த சப்ளையர், ஆலைக்கு எந்த இடம், எந்த வெட்டு வேகம் என்று எம்.இ. ஆய்வேடுகளில் இந்தப் பெயர்கள் அடிக்கடி எதிர்ப்படும். பல ஆய்வேடுகள் ஒரு அட்டவணை, ஒரு தரவரிசை, ‘எனவே இதுவே சிறந்தது’ என்ற வரியோடு முடிந்துவிடுகின்றன. சுவாரசியமான பகுதி அந்த வரிக்குப் பிறகுதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். நம் மூன்று லேத்தையும் கணக்கில் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும்.

எல்லோருக்கும் தெரிந்த வழி வெயிட்டேஜ். கமிட்டி கூடி விலைக்கு 40, ரிஜெக்டுக்கு 45, சர்வீஸுக்கு 15 என்று நூறைப் பங்கிடுகிறது. ஆனால் ரூபாயையும் மணி நேரத்தையும் அப்படியே கூட்ட முடியாது. அதற்கு ஒரு வழி: ஒவ்வொரு அளவுகோலிலும் மிக நல்லதுக்கு 1, மிக மோசமானதுக்கு 0, இடைப்பட்டதற்கு அது நிற்கும் இடத்துக்கேற்ற பின்னம். விலையில் உள்ளூர் லேத்துக்கு 1, இறக்குமதிக்கு 0, பெங்களூருக்கு 0.57. மற்ற இரண்டுக்கும் இதேபோல் போட்டு, வெயிட்டேஜால் பெருக்கிக் கூட்டினால் நூற்றுக்குப் பெங்களூரு 59, உள்ளூர் 55, இறக்குமதி 45. நடுவில் நின்றது ஜெயித்துவிட்டது.

இன்னொரு வழியும் உண்டு. இருப்பதிலேயே குறைந்த எண்ணை அந்தந்த லேத்தின் எண்ணால் வகுப்பது. விலை என்றால் உள்ளூருக்கு 22/22, பெங்களூருக்கு 22/28, இறக்குமதிக்கு 22/36. இதுவும் பாடப்புத்தகத்தில் உள்ள முறைதான். யாரும் குறை சொல்ல முடியாது. வெயிட்டேஜை மாற்றாமல் கூட்டினால் இறக்குமதி 71, உள்ளூர் 66, பெங்களூரு 56. வரிசை அப்படியே தலைகீழ்! முதலில் வந்தது கடைசிக்குப் போய், கடைசியில் கிடந்தது முதலுக்கு வந்துவிட்டது. தரவும் மாறவில்லை, கமிட்டியின் வெயிட்டேஜும் மாறவில்லை.

சரி, பேர்பெற்ற முறை ஒன்றையே கேட்போம். சிங்-லாய் ஹ்வாங், குவாங்சன் யூன் இருவரும் 1981-இல் வெளியிட்ட நூலில் வந்தது டாப்சிஸ். எல்லா அளவுகோலிலும் மிகச் சிறந்த எண்களை மட்டும் பொறுக்கி, சந்தையில் எங்குமே கிடைக்காத ஒரு கற்பனை லேத்தை அது உருவாக்கும்: 22 லட்சம் விலை, 3 ரிஜெக்ட், 8 மணி நேரம். எதிர்முனையில் இன்னொரு கற்பனை: 36 லட்சம், 12 ரிஜெக்ட், 72 மணி நேரம். முன்னதற்கு அருகிலும் பின்னதற்குத் தொலைவிலும் இருப்பது எது என்று, பள்ளியில் படித்த பித்தாகரஸ் தேற்றத்தின் துணையோடு தூரம் அளந்து சொல்லும். நம் எண்களுக்கு அதன் தீர்ப்பு: இறக்குமதி 63, பெங்களூரு 58, உள்ளூர் 37. இது மூன்றாவது வரிசை.

கணிதம் பொய் சொல்கிறதா? இல்லை. ‘ரிஜெக்டுக்கு 45’ என்று கமிட்டி சொன்னபோது அதன் பொருள் என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளியைத் தன் போக்கில் நிரப்பிக்கொண்டது. முதல் முறையில் அந்த 45-க்குத் துல்லியமான பொருள் உண்டு. விலையின் முழு வீச்சு, அதாவது 22-லிருந்து 36 வரையுள்ள 14 லட்சம், 40 மதிப்பெண்ணுக்குச் சமம். ரிஜெக்ட் 12-லிருந்து 3-க்கு இறங்குவது 45 மதிப்பெண். ஆக, அந்த இறக்கத்துக்காக 15 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய் வரை தரலாம் என்று கமிட்டி தன்னையறியாமல் கையெழுத்திட்டிருக்கிறது.

இந்த எண்ணைச் சோதிக்கலாம். ஆண்டுக்கு ஒரு லட்சம் ஷாஃப்ட், ரிஜெக்ட் ஆகும் ஒவ்வொன்றிலும் 150 ரூபாய் நட்டம் என்று வைத்துக்கொண்டால், 900 ஷாஃப்ட் மிச்சம். ஆண்டுக்கு 1,35,000 ரூபாய். லேத் பத்தாண்டு உழைத்தால், வட்டியை விட்டுவிட்டுப் பார்க்க, 13.5 லட்சம். அப்படியானால் 45 கொஞ்சம் தாராளம். ‘தவறிப்போய்க் கோளாறுள்ள ஷாஃப்ட் வாடிக்கையாளரிடம் போய்விட்டால் பெயர் கெடுமே, அதையும் சேர்த்துத்தான் 45’ என்று தரக் கட்டுப்பாட்டுக்காரர் பதில் சொல்லலாம். சொல்லட்டும். ‘தரம் முக்கியமா, விலை முக்கியமா’ என்று விவாதித்தால் விடியும்வரை முடியாது. ஒன்பது ரிஜெக்ட் குறைய எத்தனை லட்சம் தருவீர்கள் என்று கேட்டால் பேச்சு பிடிமானத்துக்கு வந்துவிடும்.

வெயிட்டேஜை ஆட்களிடமிருந்து எப்படி வாங்குவது என்பதற்கே ஒரு முறையை வகுத்தவர் தாமஸ் சாட்டி. இராக்கின் மோசுல் நகரில் பிறந்த கணிதவியலாளர். 1960-களில் அமெரிக்க அரசின் ஆயுதக் கட்டுப்பாட்டு முகமையில் வேலை பார்த்தவர். 1980-இல் நூலாக வந்த அவருடைய ஏ.எச்.பி., எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடைபோடச் சொல்லாது. இரண்டிரண்டாக மட்டும் கேட்கும். சர்வீஸைவிட விலை எத்தனை மடங்கு முக்கியம்? 1 முதல் 9 வரை ஒரு எண் சொன்னால் போதும். இதில் எனக்குப் பிடித்தது அந்த எண் அல்ல, அதன் குறுக்கு விசாரணை. விலை ரிஜெக்டைப்போல் 2 மடங்கு, ரிஜெக்ட் சர்வீஸைப்போல் 3 மடங்கு என்று சொன்னவர், விலை சர்வீஸைப்போல் 6 மடங்கு என்று சொல்லவேண்டும். ‘இரண்டும் சமம்’ என்றால் முரண். இந்த முரணையும் ஒரு எண்ணாகக் கணக்கிட்டு, அது 0.1-ஐத் தாண்டினால் மறுபடி யோசித்துவிட்டு வரச் சொல்லும்.

இதுவரை பார்த்தவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு குணம் உண்டு: ஒன்றில் இழந்ததை இன்னொன்றில் ஈடுகட்டிவிடலாம். நம் பத்தாம் வகுப்புத் தேர்வு அப்படி விடுவதில்லை. மொத்தம் 400 வாங்கியிருந்தாலும் கணக்கில் 30 என்றால் ஃபெயில்தான். மெஷின் விஷயத்தில் எது சரி? மூன்று நாள் லைன் நின்றால் ஆர்டரே கைவிட்டுப் போகும் என்றிருக்கும் பட்டறையில், குறைந்த ரிஜெக்ட் எதையும் ஈடுகட்டாது. பிரான்சில் செமா என்ற ஆலோசனை நிறுவனத்தில் இருந்த பெர்னார் ருவா, கூட்டல் முறைகளின் இந்தக் குறையைக் கண்டு 1960-களில் எலெக்ட்ர் முறையை உருவாக்கினார். அது கூட்டாது. ‘இது அதைவிடக் குறைந்ததல்ல’ என்று சொல்லப் போதுமான அளவுகோல்களின் ஆதரவு வேண்டும். அதோடு எந்த ஒரு அளவுகோலும் கடுமையாக எதிர்க்கக் கூடாது. ஒரே அளவுகோலுக்குக்கூட வீட்டோ உண்டு. பாரிஸ் மெட்ரோ பாதைகளைப் புறநகர்களுக்கு நீட்டும் திட்டங்களை வரிசைப்படுத்த இந்தக் குடும்பத்து முறை ஒன்று பயன்பட்டது.

வீட்டோவை நம் பட்டறையில் போட்டுப் பார்ப்போம். 48 மணி நேரத்துக்குமேல் காத்திருக்க முடியாது என்று ஃபோர்மேன் அடித்துச் சொல்லிவிட்டார். இறக்குமதி லேத் வெளியே. மிச்சமிருப்பது இரண்டு, முதல் கணக்கில் பெங்களூரு லேத் உள்ளூரை முந்தியிருந்ததால் அதையே வாங்கிவிடலாம் என்று தோன்றும். ஆனால் அதே முதல் முறையில் இரண்டை மட்டும் வைத்து மீண்டும் போட்டால் உள்ளூர் 55, பெங்களூரு 45! கடைசியில் நின்றதை எடுத்துவிட்டால் முதலிடம் மாறுகிறது. இறக்குமதி லேத் இருந்தவரை பெங்களூரின் 28 லட்சம் நடுத்தர விலை. அது போனதும் அதுவே மிக மோசமான விலை ஆகிவிட்டது. ஏ.எச்.பி.யிலும் இப்படி நேரும் என்று வாலரி பெல்ட்டன், டோனி கியர் இருவரும் 1983-இல் எடுத்துக்காட்ட, துறைக்குள் பல ஆண்டு வாக்குவாதம் நடந்தது. வேண்டுமென்றே ஒரு டம்மி கொட்டேஷனைச் சேர்த்து முடிவைத் திருப்ப முடியும் என்பதால், இது ஏட்டுச் சண்டை மட்டுமல்ல.

கணக்கு கச்சிதமாக இருந்தும் முடிவு வேறு பக்கம் போன கதை ஒன்று அமெரிக்காவில் உண்டு. அணுஉலைக் கழிவைப் பூமிக்கடியில் புதைக்க இடம் தேடிய அமெரிக்க எரிசக்தித் துறை, 1986-இல் ஐந்து இடங்களைப் பல அளவுகோல் முறையில் ஒப்பிட்டது: நெவாடாவில் யுக்கா மலை, வாஷிங்டன் மாநிலத்தில் ஹான்ஃபோர்டு, டெக்சாஸில் டெஃப் ஸ்மித், யூட்டாவில் டேவிஸ் கேன்யன், மிசிசிப்பியில் ரிச்டன். தொழிலாளர் உயிர், வழியில் நேரும் விபத்து, செலவு, சுற்றுச்சூழல், பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பிந்தைய கசிவு எல்லாம் கணக்கில் இருந்தன. ஒரு வேடிக்கை: மூடிய பிறகான பாதுகாப்பில் ஐந்து இடங்களும் ஏறக்குறைய சமமாக நின்றன, வரிசையைத் தீர்மானித்தது பெரும்பாலும் செலவும் கட்டுமானக் கால ஆபத்துகளும்தான். மொத்தத்தில் யுக்கா மலை முதலிடம், ஹான்ஃபோர்டு கடைசி. அடுத்த கட்ட ஆய்வுக்கு மூன்று இடங்களைத் துறை பரிந்துரைத்தது: யுக்கா, டெஃப் ஸ்மித், கடைசியில் நின்ற அதே ஹான்ஃபோர்டு.

பாறை வகையில் பன்முகம் வேண்டும் என்பது துறை சொன்ன காரணம். அதில் பொருளில்லாமல் இல்லை. மூன்றும் ஒரே வகைப் பாறையாக இருந்து அது ஒத்துவராமல் போனால் எல்லாம் வீண். ஆனால் ஐந்து இடங்களைத் தனித்தனியே அளந்த கணக்கு, மூன்றைச் சேர்த்துத் தேர்வது என்ற கேள்வியைக் கேட்கவே இல்லை. கண்டனங்கள் கிளம்பின. அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் யுக்கா மலையை மட்டும் ஆராய்ந்தால் போதும் என்று சட்டம் போட்டது. நெவாடா பல ஆண்டு எதிர்த்து நின்றது. 2010 வாக்கில் திட்டத்துக்கான பணம் நின்றுபோனது. உள்ளூர் மக்களின் சம்மதம் அந்த அட்டவணையில் ஒரு அளவுகோலாக இல்லை.

நம் ஊர் டெண்டரில் இந்தக் கணக்கு எப்படி வருகிறது என்பதையும் பார்க்கலாம். எல்-1, அதாவது குறைந்த விலை சொன்னவருக்கே வேலை என்பதுதான் நெடுங்கால வழக்கம். ஒரே அளவுகோல், தகராறு குறைவு, தரம் அவரவர் அதிர்ஷ்டம். 2021 அக்டோபரில் மத்திய நிதி அமைச்சகம், தரம் முக்கியமான கட்டுமானப் பணிகளில் விலையோடு தர மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்க்க வழிவிட்டது. ஆனால் விலையல்லாதவற்றுக்கான வெயிட்டேஜ் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பும் கட்டியது. இதில் விலைக்கு மதிப்பெண் போடும் வழக்கமான முறை நாம் பார்த்த இரண்டாவதுதான்: குறைந்த விலைக்கு 100, மற்றவர்களுக்கு வகுத்து வருவது. எல்-1-ஐவிட 10 சதவீதம் கூடுதலாகக் கேட்பவருக்கு விலையில் 90.9 கிடைக்கும், 70 சதவீத வெயிட்டேஜில் அவருக்கு நட்டம் சுமார் 6.4 மதிப்பெண். அதை 30 சதவீதத்திலிருந்து மீட்க, தர மதிப்பீட்டில் அவர் எல்-1-ஐ 21 மதிப்பெண்ணுக்குமேல் முந்தியிருக்க வேண்டும். டெண்டர் ஆவணத்தில் அனுபவத்துக்கு எத்தனை, எந்திரங்களுக்கு எத்தனை, பொறியாளர்களுக்கு எத்தனை என்று பிரித்து எழுதும் பக்கத்தை ஒப்பந்ததாரர்கள் வேறெந்தப் பக்கத்தையும்விடக் கூர்ந்து படிப்பது இதனால்தான்.