ஒரே செட் டயர், எட்டு நாள் பந்தயம்

வியாபாரிகளின் பத்திரிகையில் கார்ப் பந்தயத்துக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர், தென் மாவட்டத்தில் நாற்பது ஆண்டுகளாக மளிகை மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர், கூட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு நம்மைத் தனியே நிறுத்தினார். கையில் கைப்பேசி. அதில் ஒரு சின்னச் சிவப்புக் கார். கதவில் பெரிதாக எண் ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவருடைய மகன்.

"தம்பி, பந்தயம்னா சூதுதானே? இவன் அமெரிக்காவுக்கு வேலைக்குப் போனானா, இதுக்குப் போனானா? கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க" என்றார்.

மகன் மிச்சிகன் மாநிலத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் இன்ஜினீயர். பள்ளி விடுமுறையில் அண்ணாச்சி கடையில் பொட்டலம் மடித்த பையன்தான். அவன் கலந்துகொண்டது 'ஒன் லேப் ஆஃப் அமெரிக்கா' என்ற பந்தயம். அண்ணாச்சி கேட்டதற்காக விசாரித்தோம். மகனிடமும் இரண்டு முறை பேசினோம். கேட்கக் கேட்க, இதை நம் வாசகர்களும் தெரிந்துகொண்டால் என்ன என்று தோன்றியது.

முதலில் அண்ணாச்சியின் கேள்விக்குப் பதில். இது சூது அல்ல. இதில் பணம் கட்டி யாரும் பணம் எடுப்பதில்லை. ஜெயித்தால் கோப்பை கிடைக்கும், நாலு பேர் கை தட்டுவார்கள், அவ்வளவே. நுழைவுக் கட்டணம், பெட்ரோல், தங்கும் செலவு எல்லாம் ஓட்டுபவர்களின் சொந்தப் பணம். கலந்துகொள்பவர்களில் பலருக்கு இது தொழிலே அல்ல. வாரம் முழுக்க வேறு வேலை பார்ப்பவர்கள், வருஷத்தில் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வருகிறார்கள்.

இந்தப் பந்தயத்தின் பூர்வீகம் அவ்வளவு யோக்கியமானது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'கார் அண்ட் டிரைவர்' பத்திரிகையில் எழுதிய பிராக் யேட்ஸ் என்பவர் 1971-ல் 'கேனன்பால்' என்று ஓர் ஓட்டம் நடத்தினார். நியூயார்க்கில் கிளம்பி கலிபோர்னியா கடற்கரை வரை சுமார் 4,600 கிலோமீட்டர், பொதுச் சாலையில், யார் முதலில் போய்ச் சேருகிறார் என்று போட்டி. அந்த ஆண்டு நவம்பரில் அவரும், லே மான் பந்தயத்தில் ஜெயித்தவரான டேன் கர்னியும் ஒரு ஃபெராரி காரில் 35 மணி 54 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். சட்டப்படி தப்பு, அடுத்தவர் உயிருக்கும் ஆபத்து. 1979-க்குப் பிறகு அதை நிறுத்திவிட்டார். அதை வைத்து 1981-ல் வந்த சினிமாவுக்குக் கதை வசனமும் அவரே எழுதினார். பிறகு 1984-ல், சட்டத்துக்கு உட்பட்டு நாட்டைச் சுற்றி வருகிற மாதிரி இந்த 'ஒன் லேப்' போட்டியைத் தொடங்கினார். போகப் போகப் போட்டி முழுவதும் பந்தய ஓடுதளங்களுக்குள் போய்விட்டது. யேட்ஸ் 2016-ல் காலமானார். இப்போது அவர் மகன் நடத்துகிறார். அப்பா தொடங்கியதை மகன் தொடர்கிற விஷயம் நம் கடைவீதிக்குப் புதிதல்ல.

சரி, நடப்பது எப்படி? மே மாதத்தில் எட்டு நாள். இண்டியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் என்ற ஊரில், 'டயர் ரேக்' என்ற டயர் வியாபார நிறுவனத்தின் இடத்தில் தொடக்கம். தண்ணீர் விட்டு நனைத்த வட்டமான தளத்தில் வண்டி வழுக்காமல் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று அளக்கிறார்கள். அதுதான் முதல் போட்டி. அதன் பிறகு தினம் ஓர் ஓடுதளம். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை. வழி தெரிந்துகொள்ள ஒரு சுற்று மெதுவாகப் போகலாம். பிறகு நின்ற இடத்திலிருந்து கிளம்பி மூன்று சுற்று, கடிகாரத்துக்கு எதிராக. வண்டிகளை இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அனுப்புகிறார்கள். சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் பார்த்த பெரியவர்கள் நினைப்பது போல வண்டியோடு வண்டி உரசிக்கொண்டு ஓடுவது இதில் இல்லை. எத்தனையாவதாக வந்தோமோ அதற்குத் தக்க புள்ளி. எட்டு நாள் புள்ளியையும் கூட்டிப் பார்த்துத்தான் முடிவு.

ஒத்திகை கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். விஸ்கான்சின் மாநிலத்தில் 1955-ல் திறந்த 'ரோடு அமெரிக்கா' ஓடுதளத்துக்கும் இந்தப் பந்தயம் போயிருக்கிறது. அது ஒரு சுற்று ஆறரை கிலோமீட்டர் (நம் இருங்காட்டுக்கோட்டை ஓடுதளம் 3.7 கிலோமீட்டர்தான்). பதினாலு திருப்பம். ஒரே ஒரு சுற்றில் அத்தனையையும் மனசில் வாங்கிக்கொண்டு அடுத்த நிமிடமே முழு வேகத்தில் ஓட்ட வேண்டும்.

இனி நம்மைப் பிடித்து நிறுத்திய விஷயத்துக்கு வருகிறோம். எட்டு நாளுக்கும் ஒரே செட் டயர்தான். பந்தயம் ஓடுவதும் அதே டயரில். ஓர் ஊரில் பந்தயம் முடிந்து, இரவோடு இரவாக அடுத்த ஊருக்குப் போவதும் அதே வண்டியில், அதே டயரில். மொத்தம் 3,000 மைலுக்கு மேல், அதாவது 4,800 கிலோமீட்டருக்கு மேல். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு மூன்று தடவை போய்த் திரும்பி, நாலாவது தடவையும் கிளம்பின கணக்கு. நடுநடுவே பந்தயம் வேறு.

டயரின் பக்கவாட்டில் தேய்மான எண் ஒன்று அச்சிட்டிருப்பார்கள். எண் பெரிதாக இருந்தால் டயர் நாள்பட உழைக்கும், பிடிப்பு குறைவு. எண் சிறிதானால் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் கரையும். வீட்டுக் காருக்கு 500, 600 என்று போடுகிறார்கள். இந்த மாதிரிப் பந்தயத்துக்கு 200-ஐ ஒட்டிய டயர் போடுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு முதல் நாளே முழு மூச்சாக ஓட்டினால் ஐந்தாம் நாள் ரப்பர் இருக்காது. பத்திரப்படுத்தி ஓட்டினால் புள்ளி வராது. சீசனுக்கு முன்பே முதலை எல்லாம் ஒரே சரக்கில் போட்டுவிட்டு, தீபாவளிக்கு முந்தின வாரம் எண்ணெய் டின் எடுக்கக் காசில்லாமல் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

டயர் வியாபாரி ஒருவர் பல ஆண்டுகளாக இந்தப் பந்தயத்தின் புரவலராக இருப்பதையும் ரசிக்க வேண்டும். 'டயர் ரேக்' 1979-ல் ஒரு குடும்பம் நடத்திய சின்ன டயர்க் கடையாகத் தொடங்கியது. தபால் மூலம் டயர் விற்றுப் பெருகி, 2021-ல் இன்னொரு பெரிய டயர் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஒரே செட் டயரில் எட்டு நாள் ஓடிக் காட்டுவதை விட டயர்க் கடைக்கு வேறென்ன விளம்பரம் வேண்டும்?

அண்ணாச்சி மகன் ஓட்டியது மாஸ்டா மியாட்டா என்ற இரண்டு சீட் கார். பழைய வண்டி. எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். எதிரே நின்றவை அதைப் போல மூன்று நாலு மடங்கு சக்தி உள்ளவை. ஆனால் கனத்த வண்டி டயரைத் தின்னும், பிரேக்கைத் தின்னும். இலேசான வண்டி இரண்டையும் மிச்சம் பிடிக்கும். அதுதான் அவன் போட்ட கணக்கு. கூட ஓட்டியவர் ஆபீஸ் நண்பர். டிக்கியில் ஜாக்கி, ஸ்பானர் செட், பிரேக் பேட் ஒரு ஜோடி, ஆயில், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சின்னப் பை. அதற்கு மேல் இடமில்லை.

முதல் இரண்டு நாள் நண்பர் நன்றாக ஓட்டினார், கொஞ்சம் அதிகமாகவே நன்றாக ஓட்டினார். திருப்பத்தில் வேகமாகத் திருப்பினால் முன் டயரின் வெளி ஓரம்தான் முதலில் தேயும். இரண்டாம் நாள் இரவு லாட்ஜ் வாசலில் குனிந்து பார்த்தபோது ஓரம் வழவழவென்று இருந்ததாம். முன் டயர் இரண்டையும் பின்னால் போட்டு, பின் டயரை முன்னால் கொண்டு வந்தார்கள். மூன்றாம் நாள் மழை. தேய்ந்த டயர் பின்னால் இருக்கும்போது மழை பெய்தால் என்ன ஆகும் என்று வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். இரண்டாவது சுற்றில் வண்டி பின்பக்கம் வழுக்கித் திரும்பிப் புல்தரையில் போய் நின்றது. அடி எதுவும் இல்லை. திரும்பி ஓட்டி முடித்தான். ஆனால் இரண்டு நாளில் நண்பர் சேர்த்த புள்ளியில் பாதி அந்த அரை நிமிடத்தில் போயிற்று.

பிரேக் விஷயமும் ஒன்று உண்டு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். பழைய ஆயில் பந்தயச் சூட்டில் கொதித்துக் குமிழி விட்டால் மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. அதனால் கிளம்புமுன் புது ஆயில் மாற்றியே ஆக வேண்டும். நம் டெலிவரி வேன்களில் கடைசியாக எப்போது மாற்றினோம் என்று யோசித்துப் பார்த்தோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"ஓடுதளத்தில் எனக்குப் பயமே இல்லை, சார்" என்று மகன் நம்மிடம் சொன்னான். "ஹெல்மெட் இருக்கு, ஆம்புலன்ஸ் நிக்குது, எதிரே வண்டி வராது. ராத்திரி ரெண்டு மணிக்கு ரோட்டுலதான் பயம்." மாலை ஐந்து மணிக்குப் பந்தயம் முடிகிறது. அடுத்த ஓடுதளம் ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். சில இரவு அதற்கும் மேல். காலை எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். ஒருவர் ஓட்ட, ஒருவர் தூங்குவதாக ஏற்பாடு. இரண்டு பேர் வண்டியில் தூங்குபவரும் அரைத் தூக்கம்தான். ஐந்தாம் இரவு ஸ்டீயரிங் பிடித்தவாறே கண் செருகி, வண்டி வெள்ளைக் கோட்டைத் தொட்டபோது சக்கரத்தின் அதிர்வில் விழித்திருக்கிறான். உடனே ஒரு பெட்ரோல் பங்கில் ஒதுக்கி இரண்டு பேரும் மூன்று மணி நேரம் தூங்கினார்கள். காலைப் போட்டிக்குக் கடைசி நேரத்தில்தான் போய்ச் சேர முடிந்தது. இதை அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். நாம் சொல்லவில்லை. இதழைப் படித்துத் தெரிந்துகொள்வார் என்று அவனிடமும் எச்சரித்துவிட்டோம்.

விசாரித்ததை எல்லாம் அண்ணாச்சியின் கடையில் உட்கார்ந்து விவரமாகச் சொன்னோம். அவர் கேட்டது ஒன்றுதான்: "செலவுக் கணக்கு வச்சிருக்கானா?" வைத்திருந்தான். மூன்று வருஷமாகச் சம்பளத்தில் மாதாமாதம் தனியாக ஒதுக்கி, குடும்பச் செலவில் கை வைக்காமல் சேர்த்த பணம். கட்டணம், டயர், பிரேக் பேட், பெட்ரோல், லாட்ஜ், சாப்பாடு என்று ஒரு தாளில் எழுதி அனுப்பியிருந்தான். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படங்களைப் பார்க்கும் முன் அதைத்தான் பார்த்தார். பிறகு நம் எதிரிலேயே மகனைக் கூப்பிட்டார்.

"ஏல, வண்டித் தேய்மானம் எங்கே?"

"அது என் வண்டிதானேப்பா."

"கடை அரிசியை வீட்டுக்கு எடுத்தாலும் எழுதணும்னு சொல்லிக் கொடுத்தேனா இல்லையா? சரி, இன்ஷூரன்ஸ்?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அமெரிக்காவில் சாதாரண மோட்டார் பாலிசிகள் பெரும்பாலும் பந்தய ஓடுதளத்தில் நடக்கும் சேதத்தை ஏற்பதில்லை. அதற்குத் தனியாக, இத்தனை நாளுக்கு என்று பாலிசி விற்கிறார்கள். விலை அதிகம் என்று அவன் எடுக்கவில்லை. புல்லில் நின்ற வண்டி சுவரில் மோதியிருந்தால் மூன்று வருஷச் சேமிப்போடு வண்டியும் போயிருக்கும்.

அண்ணாச்சி சத்தம் போடவில்லை. 1987 ஐப்பசியில் ஒரு லாரி வெல்லத்தை இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஏற்றி, தார்ப்பாய் கிழிந்து, மழையில் பாகாக ஓடவிட்ட கதையை மகனுக்குச் சொன்னார். அந்தக் கடனை அடைக்க மூன்று வருஷம் ஆயிற்றாம். அந்த மூன்று வருஷம் வீட்டில் யாருக்கும் புதுத் துணி எடுக்கவில்லை. நாற்பது வருஷப் பழக்கத்தில் நாமே இதை அன்றுதான் கேட்டோம். மகனும் அன்றுதான் கேட்டான் போலிருக்கிறது. "இது எனக்குத் தெரியாதேப்பா" என்று இரண்டு தடவை சொன்னான்.

"அடுத்த வருஷமும் போவியா?"

"போகணும்னு இருக்கு. இன்ஷூரன்ஸ் போட்டுட்டுத்தான் போவேன்."

"எத்தனையாவதா வந்தே?"

"எங்க பிரிவில் நடுவாந்தரமா வந்தோம். பெரிய வண்டி சிலது பாதியில் நின்னுபோச்சு. நாங்க கடைசி நாள் வரை ஓடினோம்."

அண்ணாச்சி தாளை மடித்துக் கல்லாவுக்குள் வைத்தார். வாசலில் சரக்கு ஆட்டோ வந்து நின்றது. பில் புத்தகத்தைக் கையில் எடுத்தவர், போனை வைக்கும் முன் கடைசியாக ஒன்று கேட்டார்:

"அந்த டயர் நாலையும் என்ன பண்ணினே?"

"அதுலதான்ப்பா வேலைக்குப் போயிட்டு வர்றேன். மழைக்கு முன்னாடி மாத்திடுவேன்."