ஆறு ஒலிபெருக்கிகளும் ஒரு கணிப்பொறியும்

1956-ஆம் ஆண்டு மே மாதம் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஸ்டாக்ஹவுசன் என்னும் இசையமைப்பாளர் ஒரு புதுமை செய்தார். ஒரு சிறுவனின் குரலையும் மின்னொலிகளையும் கலந்து அவர் ஆக்கிய 'இளைஞர்களின் பாடல்', ஐந்து தொகுதி ஒலிபெருக்கிகளுக்கென்றே அமைக்கப்பட்டது. ஒலி எத்திசையில் எழுகிறது, எப்பக்கம் நகர்கிறது என்பதும் அங்கே இசையின் ஒரு கூறு. பின்னர் அது இசைத்தட்டில் இரண்டு தடங்களாகச் சுருங்கியது. சுருதி கெடவில்லை, தாளம் கெடவில்லை. திசை மட்டும் தொலைந்தது.

தொலைந்த திசையை வீட்டிலேயே மீட்க முடியுமா? முடியும் என்பதே என் துணிபு. 1970-களில் மேனாட்டில் வந்த நான்கு தட இசைத்தட்டுகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாத முறைகளில் வந்து, அங்காடியில் நிலைக்காமல் மறைந்தன. இன்றோ வீட்டில் இருக்கும் சாதாரணக் கணிப்பொறியே அப்பணியைச் செய்யும்.

முதலில் 'உயர் நுணுக்க இசை' என்று விளம்பரங்கள் கூறுவதைப் பார்ப்போம். ஒலியலையை நொடிக்குப் பலமுறை அளந்து எண்ணாக்குவதே எண்முறை ஒலிப்பதிவு. 1982-இல் வந்த குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 அளவீடுகள்; ஒவ்வொன்றும் 16 பிட்டு. அளவீட்டின் பாதி வரையுள்ள அதிர்வெண்களைப் பிழையின்றி மீட்கலாம் என்பது விதி. அதாவது 22,050 ஹெர்ட்ஸ். நம் செவியின் எல்லையோ ஏறத்தாழ 20,000 தான்! உயர் நுணுக்கப் பதிவில் 96,000 அளவீடுகளும் 24 பிட்டுகளும் உண்டு. பிட்டு கூடினால் மிக மெல்லிய ஒலிக்கும் இடம் கிடைக்கும். 16 பிட்டுக்கு 96 டெசிபல், 24-க்கு 144. ஆனால் அந்த மெல்லொலியை விழுங்க எங்கள் வீட்டு மின்விசிறி ஒன்றே போதும்.

2007-இல் மேயர், மொரான் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், உயர் நுணுக்க இசையை நேராகவும், குறுந்தகட்டுத் தரத்திற்குக் குறைத்தும் கேட்கச் செய்தனர். 554 சோதனைகளில் 276 விடைகளே சரி. பூவா தலையா போட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும் அல்லவா? 2016-இல் பல ஆய்வுகளைத் தொகுத்த ரைஸ் என்பவர், சிறு வேறுபாடு உணரப்படுகிறது என்றும், பயிற்சி பெற்ற செவிக்கு அது கூடும் என்றும் கண்டார். எனவே கையில் அளவான பணமுள்ள மாணவர் அதை எண்ணிக்கையின் பெருமைக்குச் செலவிடாமல், கூடுதல் ஒலிபெருக்கிகளுக்குச் செலவிடுவதே அறிவுடைமை. பின்னாலிருந்து வரும் குரலை உணர எந்தப் பயிற்சியும் வேண்டியதில்லை.

ஆறு தடங்கள் என்பது முன்னே மூன்று, பின்னே இரண்டு, தாழ்ந்த ஒலிக்கு ஒன்று. 24 பிட்டு, 96,000 அளவீடு என்று கொண்டால் நொடிக்கு 1,38,24,000 பிட்டுகள். ஒரு மணி நேரத்திற்கு 622 கோடி பைட்டு. 2001-இல் வந்த ஃபிளாக் என்னும் முறை இதை வெகுவாகச் சுருக்கும். பஞ்சை அழுத்தி மூட்டை கட்டுவது போன்றது அது. அவிழ்த்தால் ஓர் இழையும் குறையாது. எம்பி3 அப்படியன்று, அது கொஞ்சம் பஞ்சை வெளியே எறிந்துவிட்டே கட்டும்.

இடர் எங்கே என்றால், கணிப்பொறியின் உள்ளேதான். அது எல்லா நிரல்களின் ஒலியையும் ஒன்றாகக் கலந்து வெளியே அனுப்புகிறது. 'இரண்டு ஒலிபெருக்கி' என்று அதன் ஒலி அமைப்பில் குறித்திருந்தால் ஆறு தடங்களையும் இரண்டாகக் குழைத்துவிடும்; நம்மிடம் ஒரு வார்த்தையும் சொல்லாது! எனவே அந்த அமைப்பில் 5.1 என்று மாற்ற வேண்டும். இசை இயக்கும் நிரல், ஒலிக்கருவியைத் தனியுரிமையாக எடுத்துக்கொள்ளுமாறு செய்தால் கலப்பும் நிற்கும்.

அடுத்தது கம்பி. ஒளியிழைக் கம்பியைப் பலர் உயர்வாக எண்ணுகின்றனர். சுருக்காத இசையில் அது இரண்டு தடங்களையே சுமக்கும். 2002-இல் வந்த எச்டிஎம்ஐ கம்பியோ எட்டுத் தடங்களைச் சுமக்கும். பெருக்கி வாங்க வசதியில்லையா? பல மேசைக் கணிப்பொறிகளின் பின்புறம் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு நிறத் துளைகள் உண்டு. பச்சை முன்புறத்திற்கு; கறுப்பு பின்புறத்திற்கு; ஆரஞ்சு நடுவிற்கும் தாழ்ந்த ஒலிக்கும். தன் மின்பெருக்கியை உள்ளே கொண்ட சிறு ஒலிபெருக்கித் தொகுதியை அவற்றில் நேரே செருகிவிடலாம். நான் கேட்பது இவ்வழியில்தான். ஒவ்வொரு தடத்திலும் தனித்தனியே ஒலிக்கும் சோதனைப் பதிவை ஓடவிட்டு, ஆறும் தத்தம் இடத்தில் பேசுகின்றனவா என்று காதை வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

முன்னிரண்டும் நடுவிலிருந்து 30 பாகையிலும், பின்னிரண்டும் 100 முதல் 120 பாகைக்குள்ளும் இருப்பது நெறி. சிறிய கூடத்தில் பின்புற ஒலிபெருக்கிகள் நம் தோளருகே வந்துவிடும். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லிநொடி ஆகிறது. முந்தி வந்த ஒலியின் பக்கமே செவி சாயும். ஆகவே எத்தனை மீட்டர் அருகில் உள்ளதோ அதற்கேற்ப அவற்றின் ஒலியைத் தாமதப்படுத்த வேண்டும். இதற்கான அமைப்பு பெருக்கியில் உண்டு. பெருக்கி இல்லாதோர்க்குச் சில இசை நிரல்களிலும் உண்டு. அளவு நாடா ஒன்றை எடுத்து, நாற்காலியிலிருந்து ஒவ்வொன்றின் தொலைவையும் அளந்து குறித்துக்கொண்டு அமர்வது நல்லது.