எண்ணும் எடையும்

நம் சேவூரில் நெசவாளர் இருவர் ஆளுக்கு 4 சேலை நெய்தனர் என வைத்துக்கொள்வோம். ஒருவர் நெய்தவை புட்டா இல்லாதவை. மற்றவர் நெய்தவற்றில் உடலெங்கும் சரிகைப் புட்டா. எண்ணிக்கை ஒன்றே, உழைப்பும் ஒன்றோ?

விளையாட்டிலும் இவ்வினா எழுகின்றது. 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடின் பொதுப்பிரிவில், 11 சுற்றுகளின் முடிவில் உஸ்பெகிஸ்தானும் ஆர்மீனியாவும் 19 புள்ளிகளுடன் சமநின்றன. அங்கே எல்லா அணிகளும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. எனவே எதிரிகளின் வலிமை வேறுபடும். ஆதலால், கடைநிலை எதிரணியை நீக்கி, ஏனைய ஒவ்வோர் எதிரணியும் தொடர் முழுதும் ஈட்டிய புள்ளியை, அதனிடம் தாம் ஆட்டப்பலகைகளில் பெற்ற புள்ளியால் பெருக்கிக் கூட்டினர். அக்கணக்கால் உஸ்பெகிஸ்தான் பொற்பதக்கம் பெற்றது. ஆர்மீனியா வெள்ளி பெற்றது.

ஆகவே, “எத்தனை வெற்றி?” என்பதோடு, “யாரை வென்றது?” என்றும் கேளுங்கள். வலியோரோடு மோதித் தோற்ற உங்கள் பள்ளி அணியையும் இந்நிறைகோலிலேயே நிறுத்துப் பாருங்கள்.