லேகியத்துக்கு முன் ரசீது கேளுங்கள்

கல்யாணம் நிச்சயமான பையன்கள்தான் முதலில் சிக்குகிறார்கள். பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருந்த எண்ணுக்கோ, நள்ளிரவுத் தொலைக்காட்சியில் ஓடிய எண்ணுக்கோ போன் போடுகிறார்கள். "கைப்பழக்கம் உண்டா? எத்தனை வருஷமா?" என்பதுதான் எதிர்முனையின் முதல் கேள்வி. உண்டு என்றால் போதும், "நரம்பெல்லாம் தளர்ந்துபோச்சு தம்பி, இப்பவே வந்தா காப்பாத்திடலாம்." இன்று இந்த ஊர் லாட்ஜ், நாளை அடுத்த ஊர் லாட்ஜ் என்று சுற்றுகிற வைத்தியர் நாடி பிடித்துவிட்டு ஒரு மண்டலத்துக்கு லேகியமும் பஸ்பமும் கட்டிக் கொடுப்பார். கல்யாணச் செலவுக்கு வைத்திருந்த பணம் அங்கே கரையும். ரசீது மட்டும் கிடையாது.

சுய இன்பத்தால் நரம்பு தளராது, ஆண்மை போகாது, முதுகுத்தண்டு தேயாது, கண் மங்காது, குழந்தை பிறக்காமலும் போகாது. நூறு சொட்டு ரத்தம் சேர்ந்து ஒரு சொட்டு விந்து என்பது வெறும் கட்டுக்கதை. விதைப்பைக்குள் உயிரணு ஓயாமல் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கிறது. ஓர் அணு முழுதாக உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். ஒரு முறை வெளியேறும் திரவம் ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும். தூக்கத்தில் தானாக வெளியேறுவதும் இயல்புதான், அதற்குச் சொப்பன ஸ்கலிதம் என்று மிரட்டலாகப் பெயர் வைத்தாலும் சரி. சிறுநீர் சில நேரம் வெள்ளையாகப் போவது பெரும்பாலும் உப்புப் படிவதால். 'தாது கரைகிறது' என்று பதற வேண்டாம். ஒரு விதை மற்றதைவிடச் சற்றுத் தாழ்ந்திருப்பது, உறுப்பு லேசாக வளைந்திருப்பது எல்லாம் கோளாறு அல்ல. சுய இன்பப் பழக்கம் பெண்களுக்கும் உண்டு, அவர்களுக்கும் அதனால் கேடு இல்லை. துர்நாற்றமோ அரிப்போ இல்லாத வெள்ளைப்படுதல் உடலின் இயல்பு. அதைக் காட்டி எலும்பு உருகுகிறது என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அப்படியானால் அந்தப் பையன்களின் சோர்வும் படபடப்பும் பொய்யா? இல்லை. குற்றவுணர்வும் பயமும் தூக்கத்தைக் கெடுக்கின்றன, உடல் வலிக்கிறது. அதற்கு வேண்டியது மனநல ஆலோசனை. படிப்பு, வேலை, உறவு கெடும் அளவுக்குப் பழக்கம் கைமீறினாலும் அதே இடம்தான். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் பேச்சு இலவசம், தமிழிலும் பேசலாம்.

உண்மையான ஆபத்துகளுக்குத்தான் நம் ஆட்கள் கூசிக்கொண்டு வீட்டில் கிடக்கிறார்கள். விதையில் திடீரென்று கடும் வலி வந்தால் அது முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகாவிட்டால் விதையையே இழக்க நேரலாம். பின்னுக்குத் தள்ளிய முன்தோல் திரும்ப வராமல் வீங்கினாலும் அவசரமே. புண், சீழ், விதையில் கட்டி இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். பால்வினை நோய்க்கு அரசு மருத்துவமனைகளில் சுகவாழ்வு மையம் இருக்கிறது, எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையம். இரண்டும் இலவசம், ரகசியம் காக்கப்படும். நாற்பதைத் தாண்டியவருக்கு விறைப்புக் குறைந்தால் லேகியத்துக்கு முன் சர்க்கரையையும் இதயத்தையும் பாருங்கள். பல நேரம் அந்த நோய்களின் முதல் அறிகுறி அதுதான்.

'முழுக்க மூலிகை' என்று விற்கும் பொடிகளில் சில்டெனாஃபில் என்ற ஆங்கில மருந்தைச் சொல்லாமல் கலப்பவர்கள் இருக்கிறார்கள். நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில் நைட்ரேட் மாத்திரை வைப்பவர் அதைத் தின்றால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். முறையாகப் புடம் போடாத பஸ்பத்தில் ஈயமும் பாதரசமும் வேறு.

நான் சித்த மருத்துவத்துக்கு எதிரியல்ல. பட்டம் படித்த சித்த மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள், அவர்களிடம் போங்கள். மற்றவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். சித்த மருத்துவர் என்றால் தமிழ்நாடு சித்த மருத்துவ மன்றத்திலும், அலோபதி என்றால் தமிழ்நாடு மருத்துவ மன்றத்திலும் அந்த எண் பதிவாகியிருக்க வேண்டும். டப்பாவில் உரிம எண், தொகுதி எண், உட்பொருள், காலாவதி நாள் நான்கும் இருக்கிறதா பாருங்கள். காகிதத்தில் மடித்துத் தந்தால் வாங்காதீர்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

ஏமாந்தவர்கள் செய்வதெல்லாம் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வதுதான். அந்த வெட்கத்தை நம்பித்தான் இந்த வைத்தியர்கள் லாட்ஜ் வாடகையே கட்டுகிறார்கள். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டப்படி, பாலுறவு இன்பத்துக்கான ஆற்றலைக் கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்வதே குற்றம். முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். எழுபது ஆண்டுகளாக இருக்கும் சட்டம். சுவரொட்டியோ காவல் நிலையத்துக்கு எதிர்ச்சுவரில்!

விளம்பரத்தைத் தேதி தெரியும்படி படம் எடுங்கள். மருந்து குறித்த புகாரை மாவட்ட சித்த மருத்துவ அலுவலருக்கும், போலி மருத்துவர் குறித்த புகாரை மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் எழுத்தில் கொடுங்கள். ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார், ஆகவே நகலை இருவருக்கும் அனுப்புங்கள். அசைவில்லை என்றால் திங்கள்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டத்தில் மனுப் போட்டு, மனு எண்ணை வாங்காமல் வெளியே வராதீர்கள். பணத்தைத் திரும்பப் பெற மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது: கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். எப்படித் தொடங்குவது என்று நுகர்வோர் உதவி எண் 1915இல் கேட்கலாம். அங்கும் முதலில் கேட்பது ரசீதைத்தான். அது இல்லாதவர்கள் பணம் அனுப்பிய யுபிஐ பதிவையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

"வீட்டுக்குச் சொல்லிடுவேன்" என்று மிரட்டிப் பணம் கேட்டால் அது பணப்பறிப்பு. காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். வீடியோ அழைப்பில் படம் பிடித்து மிரட்டினால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. ஒரு முறை பணம் கொடுத்தால் மறுபடி கேட்பார்கள், கொடுக்காதீர்கள். மிச்சமிருக்கும் லேகியத்தையும் கோபத்தில் சாக்கடையில் கொட்டிவிடாமல், புகார் கொடுக்கப் போகும்போது டப்பாவோடு மூடி எடுத்துக்கொண்டு போங்கள்.