காலி அட்டையையும் எடுத்துட்டு வாங்க

அவசரப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். மாத்திரை அதிகமாகிவிட்டது என்று யார் வந்தாலும் முதலில் அட்டையைத்தான் கேட்பேன்.

ஒரு ஞாயிறு காலை, லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் மனைவியோடு வந்தார். வெள்ளி இரவிலிருந்து கடைவாய்ப் பல் வலி. "இப்ப வலி கம்மி சிஸ்டர். ரெண்டு தடவை வாந்தி, அவ்வளவுதான். இவதான் பயந்துட்டா" என்றார். அந்த அக்கா மஞ்சப்பையிலிருந்து மூன்று அட்டைகளை எடுத்து வைத்தார். ஒன்று காய்ச்சலுக்கு, ஒன்று வலிக்கு, ஒன்று சளிக்கு. பெயர்தான் மூன்று, பின்பக்கம் பொடி எழுத்தில் மூன்றிலுமே பாராசிட்டமால். கூட்டிப் பார்த்தேன், நாளுக்கு 7 கிராம். பெரியவர்களுக்கு உச்ச அளவே 4 கிராம். 650 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஆறோடு நிறுத்த வேண்டும். மெலிந்தவர்களுக்கும், தினம் குடிப்பவர்களுக்கும் அதைவிடக் குறைவு.

இந்த மருந்தை ஈரல் உடைக்கும்போது கொஞ்சம் நஞ்சு உண்டாகும். ஈரலில் இருக்கும் குளுட்டாதயோன் என்ற பொருள் அதை முறித்துவிடும். அளவு மீறினால் அது தீர்ந்துபோய், நஞ்சு ஈரலையே தாக்கும். ஆனால் முதல் நாள் ஆள் நன்றாகவே தெரிவார். குமட்டல், வாந்தி, சோர்வு. சிலருக்கு அதுவும் இராது. மறுநாள் வலப்பக்க விலாவுக்குக் கீழே வலிக்கும். மூன்றாம் நாள் கண் மஞ்சளாகி நினைவு தடுமாறும்வரை காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வேதனை எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாற்று மருந்து இருக்கிறது: அசிட்டைல்சிஸ்டீன். சளியை இளக்கக் கொடுப்பதும் இதையேதான். குப்பியை உடைத்தால் அழுகிய முட்டை வாடை வரும். விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் டிரிப்பில் ஏற்றினால் ஈரல் அநேகமாகத் தப்பிவிடும். பிந்தி வந்தாலும் ஏற்றுவோம், பலன் உண்டு. ஒரே தடவையில் விழுங்கியவருக்கு 4 மணி நேரம் கழித்து ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து முடிவெடுப்பார்கள். இவரைப்போல நாள்கணக்கில் சேர்த்துக்கொண்டவருக்கு அது மட்டும் போதாது, ஈரல் பரிசோதனையும் வேண்டும். அண்ணனுக்கு ஈரல் பரிசோதனை அளவுகள் ஏறியிருந்தன. உடனே டிரிப் போட்டோம்.

யாராவது மாத்திரையை அதிகமாக விழுங்கிவிட்டால், வீட்டில் உப்புத் தண்ணீரோ சோப்புத் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மனசு உடைந்து விழுங்கியிருந்தாலும் மறைக்காதீர்கள். இங்கே யாரும் உங்களைத் திட்டக் கூடாது. என் வார்டில் திட்ட விடமாட்டேன்.

ஐந்தாம் நாள் அவர் வீட்டுக்குக் கிளம்பினார். மூன்று அட்டையிலும் அந்த ஒரு பெயரைப் பேனாவால் வட்டமிட்டு அக்காவிடம் கொடுத்தேன். "மெடிக்கல்ல இதக் காட்டித்தான் இனி வாங்குவேன் சிஸ்டர்" என்று பையில் போட்டுக்கொண்டார்.