காப்பாற்ற வந்த படை போக மறுத்தால்?

வேற்று நாட்டுப் படை உள்ளே வந்துவிட்டது. வந்த காரியமும் முடிந்தது. இனி அது தங்கலாமா, கூடாதா? இந்தக் கேள்விக்கு ஆகக் கடினமான விடை கம்போடியாவில் இருக்கிறது.

1978 டிசம்பர் 25 அன்று வியட்நாம் படைகள் பெருமளவில் எல்லையைக் கடந்தன. இரண்டே வாரத்தில், 1979 ஜனவரி 7 அன்று, தலைநகர் புனோம் பென் அவர்கள் கைக்கு வந்தது. அதற்கு முன் நாலாண்டுக்குச் சற்றுக் குறைவாக, போல் பாட் தலைமையிலான கெமர் ரூஜ் இயக்கத்தின் ஆட்சி அங்கே நடந்தது. நகரங்களைக் காலி செய்து மக்களை வயல்களுக்கு விரட்டிய அந்த ஆட்சியில், பட்டினி, நோய், கொலை ஆகியவற்றால் ஏறத்தாழ 17 லட்சம் பேர் மாண்டார்கள். மனிதாபிமானம் ஒன்றே வியட்நாமை அங்கே அழைத்து வரவில்லை. அதன் எல்லைக் கிராமங்களுக்குள் கெமர் ரூஜ் புகுந்து நூற்றுக்கணக்கில் மக்களைக் கொன்றுகொண்டிருந்தது. எப்படியிருந்தாலும், கம்போடியர்களின் உயிர் பிழைத்தது.

தப்பியோடிய கெமர் ரூஜ் தாய்லாந்து எல்லையில் முகாமிட்டது. சீனா ஆயுதம் கொடுத்தது. ‘நாங்கள் போனால் அவர்கள் திரும்பி வருவார்கள்’ என்றது வியட்நாம். இது வெறும் சாக்கு அல்ல. போல் பாட்டிடமிருந்து தப்பிப் பிழைத்த குடும்பங்களின் அச்சமும் அதுவே.

ஆனால் தங்கிய படை காவலோடு நிற்கவில்லை. வியட்நாம் அமர்த்திய ஹெங் சம்ரின் அரசின் அமைச்சகங்களில் வியட்நாம் ஆலோசகர்கள் அமர்ந்தார்கள். 1980-களின் நடுவில் ‘கே-5’ என்ற திட்டத்துக்காக விவசாயிகளைக் கட்டாயமாக எல்லைக்குக் கொண்டுபோய்க் காடு வெட்டவும் தடுப்பரண் எழுப்பவும் வைத்தார்கள். மலேரியாவிலும் கண்ணிவெடியிலும் சிக்கி ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். காப்பாற்றப்பட்ட மக்களையே இப்படிப் பலி கொடுத்ததற்கு எந்தப் பாதுகாப்புக் காரணமும் ஈடாகாது.

வெளியேறச் சொல்லி ஐ.நா. பொதுச்சபை ஆண்டுதோறும் தீர்மானம் போட்டது. கோரிக்கை நியாயமானதே. ஆனால் அதே சபை கம்போடியாவின் இருக்கையில் போல் பாட் தரப்பை உட்கார வைத்திருந்தது! படை போன மறுநாள் அந்த மக்களுக்கு யார் காவல் என்பதற்கு நியூயார்க்கில் பதில் இல்லை. மாறாக, ஹெங் சம்ரின் அரசை 1980-இல் அங்கீகரித்த இந்தியா, சோவியத் அணிக்கு வெளியே அப்படிச் செய்த மிகச் சில நாடுகளில் ஒன்று.

சோவியத் உதவி வற்றத் தொடங்கியதும் வியட்நாம் 1989 செப்டம்பரில் வெளியேறியது. 1991 அக்டோபரில் பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1992-இல் இந்தியப் படையினரும் அடங்கிய ஐ.நா. படை வந்தது, 1993 மே மாதம் தேர்தல் நடந்தது. கெமர் ரூஜ் புறக்கணித்தும் மிரட்டியும்கூட, பதிவு செய்த வாக்காளர்களில் சுமார் 90 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள்.

மாற்றுக் காவல் வந்து சேரும்வரை மட்டுமே வியட்நாம் படைக்கு அங்கே வேலை இருந்தது. அந்தக் காவலை அனுப்பாமல் 13 ஆண்டுகள் இழுத்தடித்த வல்லரசுகளுக்கும், அதைச் சாக்காக்கி ஒரு நாட்டையே நிர்வகித்த வியட்நாமுக்கும் இந்தப் பழியில் பங்கு உண்டு.